கிறிஸ்தவ ஆசிரியர் வகுப்பில் ஏஐயை (செயற்கை நுண்ணறிவை) எப்படிப் பயன்படுத்துவது?

கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது: "பிள்ளைகள் கட்டுரைகளைச் சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலியில் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். முழுக்கத் தடை செய்ய வேண்டும் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். காலம் மாறிவிட்டது, கண்டுகொள்ளாதே என்று சிலர் சொல்கிறார்கள். நானே பாடம் தயாரிக்க அதைத்தான் திறக்கிறேன், மனசு உறுத்துகிறது. ஞாயிறு பள்ளி வகுப்புக்கும் அதைத் தொடலாமா? விசுவாசியாக இதை எப்படிப் பார்ப்பது?"

சகோதரி, அந்த உறுத்தல் நல்லது. அதை அடக்கிவிட வேண்டாம். எதற்காக உறுத்துகிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. தேவன் மிருகங்களையும் பறவைகளையும் உருவாக்கி, ஆதாம் என்ன பேரிடுவான் என்று பார்க்கும்படி அவனிடத்தில் கொண்டுவருகிறார். படைத்தவருக்குப் பெயர் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு பட்டியலைக் கையில் கொடுத்திருக்கலாம், வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஆதாம் எந்தப் பேரிட்டானோ அதுவே பேராயிற்று. தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதனுக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூட வேலை அதுதான் என்று நினைத்துக்கொள்வேன்: உற்றுப் பார், யோசி, நீயே சொல்.

பல வருஷம் பாடம் எடுத்துவிட்டேன், இன்னும் எனக்குக் கஷ்டமாக இருப்பது அந்தக் காத்திருப்புதான். விடை நமக்குத் தெரியும், பிள்ளை தடுமாறுகிறது, மணி அடிக்கப் போகிறது. சொல்லிவிடலாமா என்று வாய் துடிக்கும். ஏஐக்கு அந்தத் துடிப்பும் கிடையாது, பொறுமையும் கிடையாது. கேட்டால் கொடுத்துவிடும். ஆகவே வகுப்பில் இதைப் பற்றி எந்த முடிவு எடுக்க வேண்டியிருந்தாலும் ஒரே கேள்வியில் உரசிப் பார்க்கிறேன்: பிள்ளை தானே பேரிடுவதற்கு இது இடம் விடுகிறதா, அல்லது அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறதா?

இது வெறும் பிரசங்கப் பேச்சு என்று யாராவது சொன்னால், துருக்கியில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேருக்குக் கணக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற ஒன்று, இன்னொரு பிரிவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் அமைத்த ஒன்று, மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சி நேரத்தில் சாதாரண ஏஐ வைத்திருந்த பிரிவு 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது. அப்புறம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதே பிரிவு, ஏஐயையே பார்க்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. குறிப்பு மட்டும் கிடைத்த பிரிவுக்கு அந்த இழப்பு பெரும்பாலும் வரவில்லை. கருவி ஒன்றுதான். பிள்ளை யோசிக்க இடம் விட்டதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

அதனால் முழுத் தடை என்பதை நான் ஆதரிக்கவில்லை. வீட்டில், கைப்பேசியில், நம் கண் எட்டாத இடத்தில் பிள்ளைகள் அதைத் திறக்கத்தான் போகிறார்கள். சரியாகத் திறக்க யார் கற்றுக்கொடுப்பது? "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அதே வசனத்தில் "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்றும் சொல்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது பாதிதான் இன்று அதிகம் தேவை. ஆனால் வயதைப் பாருங்கள். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இந்தக் கருவிகளைத் தாங்களாகவே பயன்படுத்தும் பிள்ளைகளுக்குக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. சின்ன வகுப்புகளில் ஆசிரியர் பயன்படுத்தட்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகத்தான் இருக்கிறேன்.

நடைமுறையில் எப்படி என்று ஒரு கணக்கை வைத்தே காட்டுகிறேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு? ஒரு பிள்ளை மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டி 2/5 என்று எழுதுகிறது. ஏஐயிடம் கொடுத்தால் ஆறில் ஐந்து என்று படிப்படியாக எழுதித் தந்துவிடும். பிள்ளை அதைப் பார்த்து எழுதும், மறுநாள் அதே தப்பைச் செய்யும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் வேறு ஒன்று கேட்பார்: "உன் கையில் அரை இருக்கிறது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறாய். மொத்தம் அரையைவிடக் குறையுமா?" ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னது என்று பிள்ளைக்கு உறைக்கும் அந்த நொடியில் முகம் மாறும் பாருங்கள், அதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம்.

அந்தக் கேள்வியை ஏஐயைக் கொண்டும் கேட்க வைக்கலாம். என் மாணவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் வாசகம் இதுதான்: "நான் போட்ட கணக்கு கீழே இருக்கிறது. விடையைச் சொல்லாதே. எந்த வரியில் பிழை என்று மட்டும் காட்டி, என்னை யோசிக்க வைக்கும் ஒரு கேள்வி கேள்." முதலில் நோட்டில் தானே போட்டுப் பார்த்திருக்க வேண்டும், அப்புறம்தான் இதைத் தட்டச்சு செய்யலாம். கட்டுரைக்கும் இதே ஒழுங்கு. முதல் வரைவு கையால், வகுப்பிலேயே. பிறகு "என் வாதத்தில் எது பலவீனம்? எதை விட்டுவிட்டேன்?" என்று ஏஐயிடம் கேட்கலாம். எழுதித் தரச் சொல்லக் கூடாது. பன்னிரண்டு வயதில் ஆண்டவர் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். பிள்ளைகளுக்கு நான் காட்டும் மாதிரி அது: கேள்வி உன்னுடையதாக இருக்கட்டும்.

இதற்குக் கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மனிதர்கள் எழுதிய ஏராளமான எழுத்துகளைப் படிக்க வைத்து, ஒரு வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை வர அதிக வாய்ப்பு என்று கணிக்கப் பழக்கிய இயந்திரம் அது. உண்மை எது என்று தேடிப் போய்ப் பேசும்படி அதன் அடிப்படை அமைக்கப்படவில்லை, பொருத்தமாக ஒலிப்பது எது என்று தேடிப் பேசுகிறது. இப்போது வருபவை இணையத்தில் தேடிச் சரிபார்த்தும் சொல்கின்றன, முன்பைவிடத் தவறு குறைந்திருக்கிறது. ஆனாலும் தெரியாததைத் தெரிந்ததுபோல் அதே நம்பிக்கையான குரலில் சொல்லும் பழக்கம் போகவில்லை. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. அந்தக் கட்டளையின் கீழ் இருப்பது பிள்ளைதான், கருவிக்கு அந்தப் பாரம் கிடையாது. ஆகவே பிள்ளை சரிபார்க்காமல் எழுதிக்கொடுத்த பொய்க்குப் பிள்ளையே பொறுப்பு. இதை மிரட்டிச் சொல்ல வேண்டாம், ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இனி ஏமாற்றும் விஷயம். இங்கேதான் நாம் சறுக்குகிறோம். "பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்பதை மாணவனைப் பார்த்துச் சொல்கிறோம். அது ஆசிரியரைப் பார்த்தும்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துச் சொல்வதாகப் பல மென்பொருள்கள் வந்திருக்கின்றன. அதில் கட்டுரையைப் போட்டு, எண்ணைப் பார்த்து, பிள்ளையைக் கூப்பிட்டு "நீ காப்பி அடித்தாய்" என்று சொல்லிவிடுகிறோம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியதாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே வருஷம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டில் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேல் ஏஐ எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களில், தெரிந்த வாக்கிய அமைப்புகளில் எழுதுவதுதான் அவர்கள் செய்த தப்பு. நம் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதுவதும் அப்படித்தானே?

இரண்டு மூன்று சாட்சிகளுடைய வாக்கினால்தான் காரியம் நிலைவரப்பட வேண்டும் என்று உபாகமத்தில் இருக்கிறது. ஒரு மென்பொருளின் சதவீதத்தை ஒரு சாட்சியாகக்கூட நான் எண்ணுவதில்லை. சந்தேகம் வந்தால் பிள்ளையோடு உட்காருங்கள்.

ஒரு முறை மூத்த குமாரனைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தேன், லூக்கா 15-ல் வரும் கெட்ட குமாரனின் அண்ணன். ஒரு மாணவன் கொடுத்தது பிழையில்லாமல் வழவழவென்று இருந்தது. மன்னிப்பு, சுயநீதி, கிருபை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவன் எழுதியதில்லை என்று தோன்றியது, சொல்லவில்லை. மதிய இடைவேளையில் கூப்பிட்டு வேதாகமத்தைத் திறந்து வைத்து, "இந்த அண்ணன் ஏன் உள்ளே போகவில்லை?" என்று மட்டும் கேட்டேன். கட்டுரையில் இருந்த வாக்கியத்தையே சொன்னான். "அது சரி, நீயாக இருந்தால் போயிருப்பாயா?" நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "போயிருக்க மாட்டேன் சார். எங்கள் வீட்டிலும் நான்தான் மூத்தவன். தம்பி என்ன செய்தாலும் எனக்குத்தான் திட்டு விழும்" என்றான். எழுதச் சொன்னேன். ஆறு வரி எழுதினான். எழுத்துப் பிழைகள் இருந்தன. தகப்பன் வெளியே வந்து வருந்தியழைத்தான் என்ற இடத்தைக் குறித்து, "அப்பா விருந்தை விட்டுவிட்டு இவனுக்காகவும் வெளியே வந்தார், நான் இதுவரை அதைக் கவனிக்கவில்லை" என்று முடித்திருந்தான். முதல் கட்டுரையை யார் எழுதியது என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. அவனே மறுநாள் வந்து சொன்னான்.

இப்படி ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் உறுத்தலுக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. பாடம் தயாரிக்க ஏஐயைப் பயன்படுத்துவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆசரிப்புக் கூடார வேலைக்காகப் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பி, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் திறமையைக் கொடுத்தவர் கர்த்தர். கருவி செய்யும் அறிவும் அவர் கொடுத்ததே. ஒரே பாடத்தை மூன்று வாசிப்பு நிலைகளில் எழுதித் தரச் சொல்லலாம். இருபது பயிற்சிக் கேள்விகள் கேட்டு, அதில் எட்டைத் தேர்ந்துகொள்ளலாம். எழுத்துகள் குழம்பித் தெரியும் பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டவும், பார்வைக் குறை உள்ள பிள்ளைக்குப் படத்தை விவரித்துச் சொல்லவும் இது உண்மையிலேயே பெரிய உதவி. இதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் இதனால் மிச்சமான அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது? அதை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் போனது என்றால் உறுத்தல் வேண்டாம். இன்னும் நாலு பக்கம் கூடுதலான வீட்டுப்பாடமாக மாறியது என்றால் யோசிக்க வேண்டும். அப்புறம் ஒன்று: ஏஐ தயாரித்த வினாத்தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது அதையும் சொல்லிவிடுங்கள். "இந்தக் கேள்விகளை ஏஐ எழுதியது, நான் பார்த்துத் திருத்தினேன், ஐந்தாவது கேள்வியில் அது தப்பு செய்திருந்தது, இதோ" என்று காட்டுங்கள். நாம் மறைத்து வைத்துக்கொண்டு அவர்களிடம் நேர்மை கேட்க முடியாது.

விடைத்தாள் திருத்துவதை மட்டும் அதனிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. சரியா தவறா என்று குறிக்கும் கேள்விகள் என்றால் பரவாயில்லை. ஒரு பிள்ளை மனசைத் திறந்து எழுதியதை நாம் வாசிக்காமலே "நன்றாக எழுதியிருக்கிறாய், வாழ்த்துகள்" என்று இயந்திரத்தைக் கொண்டு எழுத வைத்துக் கீழே நம் பெயரைப் போட்டால், அது பொய். போதகர்கள் அதிக ஆக்கினையை அடைவார்கள் என்று யாக்கோபு எச்சரித்தது ஞாபகம் வருகிறது.

பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், வீட்டு நிலைமை, உடல்நலம், ஜெபக் குறிப்புகள் எதையும் அதில் தட்டச்சு செய்யாதீர்கள். அந்த எழுத்து எங்கே சேமிக்கப்படுகிறது, எதற்குப் பயன்படுகிறது என்பது நம் கையில் இல்லை. நம்மை நம்பிச் சொன்ன ஒன்றை வெளியே சொல்வதற்குச் சமம் அது.

ஞாயிறு பள்ளிக்கு வருகிறேன். வரைபடம், காலவரிசை, பவுல் எந்த வழியாகப் பயணம் செய்தார், பழைய காலத்துத் திராட்சத் தோட்டத்தில் என்ன வேலை நடக்கும், இப்படிப்பட்ட பின்னணி விவரங்களுக்குக் கேளுங்கள், கேட்டுவிட்டு ஒரு வேதாகம அகராதியில் சரிபாருங்கள். வசனத்தை மட்டும் அதனிடமிருந்து நேரடியாக எடுக்காதீர்கள். நான் ஒரு முறை பொறுமையைப் பற்றிய வசனம் கேட்டபோது, பயன்படுத்திய செயலி நீதிமொழிகளில் அதிகாரமும் எண்ணும் சேர்த்து அழகான தமிழில் ஒன்றைக் கொடுத்தது. கேட்டால் வேதாகமத் தமிழ் மாதிரியே இருந்தது. புத்தகத்தைத் திறந்தால் அந்த எண்ணில் வேறு ஏதோ இருந்தது. அந்த வாக்கியம் நான் தேடிய எந்த மொழிபெயர்ப்பிலும் இல்லை. அதை நான் வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தால்? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். இயந்திரம் சொன்னதை நாம் பார்க்காமல் விடலாமா?

உபதேசக் காரியங்களிலும் கவனம் தேவை. ஞானஸ்நானம், திருவிருந்து, பரிசுத்த ஆவியின் வரங்கள் என்று கேட்டால், பல சபைகள் சொல்வதை ஒன்றாகக் கலந்து நடுவாந்தரமாக ஒன்றைச் சொல்லும். உங்கள் சபை என்ன விசுவாசிக்கிறது, ஏன் விசுவாசிக்கிறது என்று உங்கள் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும்.

பிள்ளைகள் ஜெபிப்பதற்கு ஏஐயிடம் ஜெபம் எழுதி வாங்குவதை நான் ஏற்பதில்லை. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டில் வாசிக்கிறோம். திக்கித் திணறி "ஆண்டவரே, எங்கள் பாட்டிக்குச் சுகம் கொடும்" என்று ஒரு பிள்ளை சொல்வதில் எதுவும் குறைவாக இல்லை, அழகான வாக்கியம் அதற்குத் தேவையும் இல்லை. இயேசுவைப் போலவே பேசும் அரட்டைச் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றை வகுப்பில் காட்ட வேண்டாம், விளையாட்டாகக்கூட வேண்டாம். 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் எலைசா என்று ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அது செய்த வேலை. அது நிரல்தான் என்று தெரிந்திருந்த அவருடைய செயலாளரே அதோடு பேச ஆரம்பித்ததும், கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று அவரைக் கேட்டுக்கொண்டார். பெரியவருக்கே அப்படி என்றால், ஆண்டவருடைய பெயரில் ஒரு குரல் பேசும்போது பத்து வயதுப் பிள்ளை எதைப் பிரித்தறியும்?

சபைகளும் இதைப் பேசாமல் இல்லை. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபையாரின் முன்முயற்சியில் 2019 ஏப்ரலிலேயே ஏஐ பற்றிச் சுவிசேஷ சபையினரின் கொள்கை அறிக்கை ஒன்று வந்தது. வத்திக்கான் 2025 ஜனவரி 28-ல் மனித அறிவுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு குறிப்பை வெளியிட்டது, அதில் கல்வியைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். மனிதன் தேவசாயல், கருவி கருவிதான் என்பதில் இரு தரப்பும் ஒன்றாக நிற்கின்றன. நிர்வாகத்தோடு பேசும்போது இவை உங்களுக்குக் கைகொடுக்கும்.

தடையா அனுமதியா என்று விவாதித்துக்கொண்டிருக்காமல், வரும் வாரமே ஒன்றைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: ஏஐயிடம் என்ன கேட்டேன், அது என்ன சொன்னது, நான் எதை எடுத்தேன், எதை விட்டேன். கேட்கவே இல்லை என்றால் அதையும் எழுதட்டும். உண்மையாக எழுதியதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையாது என்று முதல் நாளே வாக்குக் கொடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் பாதிப் பேர் மழுப்புவார்கள். பிறகு மெல்ல மாறும். என் வகுப்பில் ஒரு மாணவி போன மாதம் எழுதியிருந்தாள்: "என் கடைசி வரியை நன்றாக மாற்றித் தரச் சொன்னேன். மாற்றித் தந்தது. அது நான் பேசுகிற மாதிரி இல்லை. என் வரியையே வைத்துக்கொண்டேன்." அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மையால் குறித்த ஒரே இடம் அதுதான்.